கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம் பாக்கப் போனவுக அனுபவத்தைச் சொல்லுங்கப்பா

மதுரையில இருந்து வைன் டூர்னு நெனச்சு யாராச்சும் கம்பம் கெளம்புறதா இருந்தா முதல்லயே சொல்லிடுறேன், நாசிக்லயும் பெங்களூர் நந்தி மலைப் பக்கமும் செய்யுற மாதிரி பீப்பாய் காட்டி, கிளாஸ்ல ஊத்திக் குடுத்து ருசி பாருங்க சார்ங்கிற கதையெல்லாம் நாங்க போன தோட்டம் எதுலயும் கெடையாது. பெங்களூர்ல இருக்க எங்க சித்தப்பா பையன் அதைக் கேட்டுத்தான் வழி நெடுக உசுரை வாங்குனான். ஓடைப்பட்டிப் பக்கம் வைன் ஆலை இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா நம்ம ஊர்ல 2003ல இருந்து கடையில பாட்டில் விக்கிறதே டாஸ்மாக்தான, அதனாலயோ என்னமோ தோட்டத்து வாசல்ல உக்காந்து குடிக்கிற பழக்கம் இங்கிட்டு வரவே இல்ல. எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல, ஏன்னா அங்க பாக்க வேண்டியது பந்தலத்தான்.

உசிலம்பட்டி, ஆண்டிபட்டி கணவாய் தாண்டி தேனி 75 கிலோமீட்டர் சொச்சம், அங்கருந்து கம்பம் இன்னொரு 40. சின்னமனூர் தாண்டுனதும் ரெண்டு பக்கமும் பச்சை, 1895ல பென்னிகுக் கட்டி முடிச்ச பெரியாறு அணைத் தண்ணி வர்ற பூமில்ல, அப்படித்தான் இருக்கும். நாங்க இறங்குனது சுருளிப்பட்டிப் பக்கம். வெயில் மண்டையப் பொளக்குது, பந்தலுக்குள்ள குனிஞ்சு நுழைஞ்சா அப்பிடியே சூடு எறங்கிருது, கல்லுத்தூண் வரிசையா நிக்க மேல கம்பிவலை, அதுல இருந்து கன்னங்கரேல்னு குலை குலையா நம்ம நெத்தியில இடிக்கிற உசரத்துல தொங்குது. பழம் வெட்டுன அக்கா ஒண்ணு பழத்துல கையே படாம காம்பை மட்டும் புடிச்சு குலையத் திருப்பித் திருப்பிப் பாத்து, வெடிச்ச பழத்தை மட்டும் கத்திரி நுனியால நறுக் நறுக்குனு எடுத்து விடுது. தொட்டா மேல இருக்க வெள்ளைப் பூச்சு போயிரும், அது போனா பழசுன்னு நெனச்சு வெலையக் குறைப்பாகளாம். சித்தப்பா பையன் அதோட வைன் பேச்சையே விட்டுட்டான், ஒரு குலைய உள்ள தள்ளிட்டு இன்னொண்ணு கேட்டான். பன்னீர் திராட்சை வாசம் அப்பிடி, பேருக்கு ஏத்தாப்புல.

—

அண்ணே நான் உத்தமபாளையம் பக்கம், எங்க வீட்டுலயும் பந்தல் இருக்கு. எல்லாரும் பழத்தோட போட்டோ எடுத்துட்டுப் போயிர்றாங்க, கவாத்து பண்ணுன, அதான் கொடிய வெட்டி விட்ட பந்தலையும் ஒருக்கா பாருங்க, மொட்டையா கொம்பு மட்டும் நிக்கும், அதுல இருந்து நாலு மாசத்துல பழம் வந்துரும். குளிர் நாட்டுல கொடி பனியில தூங்கிரும், அதனால வருசத்துக்கு ஒரே பழ வெட்டு. இங்க தூக்கமே கெடையாது, ரெண்டு வருசத்துல அஞ்சு வெட்டு கூட எடுக்குறாங்க, ஒருத்தர் இன்னைக்குக் கவாத்து பண்ணுனா பக்கத்துத் தோட்டத்துக்காரர் அடுத்த மாசம் பண்ணுவாரு, அதான் வருசம் பூரா எங்கயாச்சும் பழம் இருந்துக்கிட்டே இருக்கும். இந்தப் பன்னீர் திராட்சையோட இங்கிலீஷ் பேரு மஸ்கட் ஹாம்பர்க், 1832ல பிரெஞ்சு பாதிரியார் ஒருத்தர் தமிழ்நாட்டுக்குக் கொண்டாந்ததா சொல்றாங்க. 2023ல புவிசார் குறியீடும் வாங்கியாச்சு, வாங்குனதுல வெலை ஏறிருச்சான்னு மட்டும் கேக்காதீங்க. பழுக்குற நேரத்துல ஒரு மழை, முடிஞ்சுச்சு சோலி, தோல் வெடிச்சிரும், சாம்பல் நோய் வேற. வியாபாரி வந்து பந்தலைச் சுத்திப் பாத்துட்டு மூஞ்சியச் சுளிச்சாருன்னா அன்னைக்கு எங்க அப்பாவுக்குச் சோறு எறங்காது.

இன்னொண்ணு, எலையில நீலமா திட்டுத் திட்டா இருக்குறதப் பாத்து பயப்படாதீங்க, நோய் வராம இருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிறது. போர்டோ கலவைம்பாங்க, பிரான்சுல வைனுக்குப் பேர் போன அந்த போர்டோவுலதான் திராட்சைக் கொடிக்குன்னு கண்டுபுடிச்சாங்க, அங்கயும் அதான் இங்கயும் அதான். ஆனா பழத்தைக் கழுவாம திங்காதீங்க அண்ணே, உங்க தம்பிகிட்டயும் சொல்லுங்க.

—

நாங்க குடும்பத்தோட தேனி வரைக்கும் ரயில்ல போயி, அங்கருந்து பஸ்ல கம்பம் போனோம். 2022ல ரயில் திரும்ப விட்டதுல இருந்து எங்களுக்கு இதான் வசதி, பிள்ளைகளும் கணவாய்ல ஜன்னலை விட்டு நகரல. கூடலூர் போற ரோட்டுல தோட்டத்துக்காரவுகளே போர்டு வச்சு உள்ள விடுறாக, கேரளாக் காரு வரிசையா நிக்கிது, தேக்கடி பாத்துட்டு அப்பிடியே இறங்கி வர்றாக போல. வாசல்ல ஜூஸ், ஜாம், உலர் திராட்சைன்னு கடை. ஜூஸ் நல்லாருந்துச்சு, உலர் திராட்சை எனக்கென்னமோ அந்த ஊரு பழத்துல செஞ்ச மாதிரி தெரியல, மதுரை கீழமாசி வீதியிலயே வாங்கிக்கலாம். ஒருத்தர் காதுல வந்து வீட்டு வைன் இருக்கு, லேபிள் இல்லாத பாட்டில், வேணுமான்னாரு. எங்க வீட்டுக்காரரு ஆசையாத்தான் பாத்தாரு, நாந்தான் கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன். லைசென்ஸ் இல்லாம போட்டு விக்கிறது குத்தம், உள்ள என்ன கலந்திருக்குன்னு எவன் கண்டான்?

பழம் வாங்குனா பைக்குள்ள அமுக்காதீங்க. நாங்க அட்டைப்பெட்டியில பேப்பர் விரிச்சு ஒரே அடுக்கா வச்சுத்தான் கொண்டாந்தோம், அப்பயும் ரெண்டு நாளைக்கு மேல தாங்கல. தோலு கெட்டி, கொட்டை உண்டு, சீட்லெஸ் தின்னு பழகுன பிள்ளைக துப்பிக்கிட்டே கெடக்கும்.

—

எப்ப போறதுன்னு தனியா ரெண்டு பேர் கேட்டுருக்கீங்க. பழம் எப்பவும் இருக்கும், ஐப்பசி அடைமழையில மட்டும் போகாதீங்க, சேறுல வண்டி சிக்கும், தோட்டத்துக்காரங்களும் பேசுற மனநிலையில இருக்க மாட்டாங்க. விடியக்காலையில கெளம்பி எட்டு மணிக்கெல்லாம் பந்தலுக்குள்ள இருந்தீங்கன்னா வெட்டு நடக்குறதப் பாக்கலாம், பத்துக்கு மேல பெட்டி கட்டி லாரி ஏத்திருவாய்ங்க. யாரும் இல்லாத தோட்டத்துக்குள்ள வேலி தாண்டிப் போயி செல்ஃபி எடுக்காதீங்கப்பா, மருந்து அடிச்ச அன்னைக்கா இருந்தா உங்களுக்குத்தான் வம்பு.