அம்மாவின் தாயத்து இன்னும் பீரோவில் இருக்கிறது

பாமணியாறு (மன்னார்குடி):
எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அம்மாவின் தோடு, வளையல், சங்கிலி எல்லாம் என் சட்டைப்பைக்கு வந்துவிட்டன. புஜத்தில் இருந்த தாயத்தை மட்டும் கழற்ற மாட்டேன் என்றார். நான் வயிற்றில் இருந்தபோது ஆயா நாகூருக்குக் கூட்டிப்போய்க் கட்டியது. நாங்கள் இந்துக்கள்தான், நம் பக்கத்தில் அதற்கு விளக்கம் தேவையில்லை. கறுப்புக் கயிறு சதையோடு ஒட்டிப் போயிருந்தது. நர்ஸ் கத்தரிக்கோல் கொண்டுவந்தார். “நீயே வெட்டுப்பா” என்றார் அம்மா. வெட்டினேன். கயிறு இருந்த இடத்தில் விரல் அகலத்துக்கு வெளுத்த தோல், குழந்தையின் தோல் மாதிரி. அதைத் தடவிக்கொண்டே உள்ளே போனார்.

புதுக் கயிறு வாங்கிக் கட்டிவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். வாங்கவில்லை. அம்மா போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. தாயத்தின் ஒரு பக்கம் அரக்கு உதிர்ந்து, மடித்த தாள் தெரிகிறது. பிரிக்கவும் மனசில்லை, எங்கேயாவது விடவும் மனசில்லை. இப்படி ஏதாவது உங்கள் கையில் தங்கியிருந்தால் எழுதுங்கள்.

குடமுருட்டி:
பிரிக்காதீர்கள். நான் பிரித்தவன்.

ஜப்பானில் நகோயாவில் வேலை. தினமும் சைக்கிளில்தான் போவேன். பக்கத்து சீட் அம்மா, சாலையில் ஆபத்து வராமல் இருக்க ஓமாமோரி வாங்கிக் கொடுத்தார். ஜரிகைத் துணியில் தைத்த சின்னப் பை, வாயை வெள்ளைக் கயிற்றால் முடிந்திருப்பார்கள். பரீட்சைக்கு ஒன்று, பிரசவத்துக்கு ஒன்று என்று கோயில்களில் தனித்தனியாகக் கிடைக்கும். மத்தியானம் சாப்பிடும்போது, அவர் எதிரிலேயே முடிச்சை அவிழ்த்துவிட்டேன். உள்ளே எழுத்து போட்ட அட்டை. அவர் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தார். திட்டவில்லை. பையை வாங்கி, எனக்குப் போடத் தெரியாத அந்த முடிச்சைத் தானே போட்டு, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். அந்த முகம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

திறந்தால் அதன் காவல் போய்விடும் என்பது அங்கே நம்பிக்கை. வருஷம் ஆனதும் வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்தால் முறைப்படி நெருப்பில் இடுவார்கள். நான் கொடுக்காமல் திருவையாற்றுக்கே எடுத்து வந்துவிட்டேன்.

அரசலாறு:
தாயத்துக்குள் இருப்பது தொப்புள் கொடி. தாய், அத்து. நோய் வந்தால் அதுவே மருந்து, இன்றைய ஸ்டெம் செல் அதுதான். என் கொடியைப் பாட்டி வெள்ளிக் குப்பியில் அடைத்து அரைஞாணில் கட்டியிருந்தார். ஆறாவது படிக்கும்போது மயிலாடுதுறை துலாக் கட்டத்தில் குளித்தேன், ஆற்றோடு போய்விட்டது. பாட்டி அன்று சோறு தொடவில்லை. நீங்களாவது பத்திரமாக வையுங்கள்.

தஞ்சை லேப் அக்கா:
அரசலாறு தம்பி, பாட்டியின் அன்பில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். நான் பார்த்தது ஒன்று. நாலு மாதக் குழந்தைக்கு இரத்தம் எடுக்க வேண்டும், இரண்டு மணிக்கட்டிலும் கயிறு. அவிழ்க்கச் சொன்னேன். அந்தப் பெண் அவிழ்த்து, தன் தாலிக்கயிற்றில் சேர்த்து முடிந்துகொண்டாள். ஊசி எடுக்கும்வரை அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

ஆனால் ஸ்டெம் செல் கதை தவறு. வாட்ஸப்பில் சுற்றுகிறதை நம்பி யாரும் குழந்தைக்கு எதையாவது உரைத்துக் கொடுத்துவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன். பெரும்பாலும் சேமிப்பது கொடியில் இருக்கும் இரத்தத்தை. பிரசவம் ஆன உடனே எடுத்து, பிறகு திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரி அளவுக் குளிரில் வைப்பார்கள். காய்ந்து விழுந்த கொடியில் உயிருள்ள செல் இருக்காது. அப்புறம், பிள்ளைக்குக் கயிறு கட்டுகிறவர்கள் கவனியுங்கள். கழுத்தில் வேண்டவே வேண்டாம், தூக்கத்தில் இறுக்கிவிடும். கையில் கட்டினால் வாயில் வைக்கும், மணியோ தாயத்து மூடியோ கழன்றால் மூச்சுக்குழலில் போய் அடைக்கும். அரைஞாண் கயிற்றைக் குழந்தை வளர வளரத் தளர்த்துங்கள், ஈரம் தங்கினால் புண் வரும். திருஷ்டிக்கு மை வைப்பதைக் கண்ணுக்குள் கொண்டுபோகாதீர்கள், சில மையில் ஈயம் இருக்கிறது. புலிநகம் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். அசல் என்றால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், போலி என்றால் மாட்டுக்கொம்புக்குக் காசு கொடுத்திருப்பீர்கள்.

முத்துப்பேட்டை, இப்போது துபாய்:
கூட வேலை பார்த்த துருக்கிக்காரர் என் மகளுக்கு நீலக் கண்ணாடிக் கண் ஒன்று கொடுத்தார். அவர்கள் நஸர் என்கிறார்கள். வாசலில் மாட்டிய மூன்றாம் நாள் தானாக விரிசல் விட்டது. பதறிப்போய் போன் பண்ணினேன். “நல்லது, பிள்ளைக்கு வந்ததை அது வாங்கிக்கொண்டது” என்றார். நடுத்தெருவில் பூசணிக்காய் உடைக்கிற ஊரில் பிறந்தவன் நான். எனக்கு அது தோன்றவே இல்லை.

நாகூர்க்காரி:
அரசலாறு, தாயும் இல்லை அத்தும் இல்லை. அரபியில் தஅவீத், காவல் தேடுவது என்ற பொருளில் வருகிற சொல். உருதுவில் தாவீஸ், நம் வாயில் தாயத்து. கொடியை அதில் அடைக்கிற வழக்கம் உண்டு, அதை மறுக்கவில்லை. பெயர் மட்டும் அங்கிருந்து வந்தது.

எங்கள் வாப்பா தர்கா பக்கத்தில் கடை வைத்திருந்தார். நேர்ச்சைத் தகடு தெரியும் அல்லவா, வீடு, கை, கால், கண், படகு, தொட்டில் எல்லாம் அச்சில் இருக்கும். சுனாமிக்கு அடுத்த வருஷம், மீனவர் குடியிருப்பிலிருந்து ஒரு அம்மா வந்தார். படகுத் தகட்டை எடுத்தார், வைத்துவிட்டார். வீட்டை எடுத்தார், அதையும் வைத்துவிட்டார். கடைசியில் தொட்டிலை எடுத்துக்கொண்டு, முந்தானையில் முடிந்திருந்த காசை அவிழ்த்தார். வாப்பா காசு வாங்கவில்லை. அந்த அம்மா விடவில்லை, வைத்துவிட்டுத்தான் போனார். நான் பக்கத்தில் நின்றேன், வயது பதினொன்று.

பாமணியாறு அண்ணா, உள்ளே வசனம் எழுதிய தாளாக இருந்தால், கால் மிதிபடாத இடத்தில் புதைப்போம், இல்லையென்றால் ஓடும் தண்ணீரில் விடுவோம். தாயத்தே கூடாது என்கிற மாமா எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். அவரும் அந்தத் தாளைக் குப்பையில் போட மாட்டார்.

வெண்ணாறு:
ஓடும் தண்ணீருக்கும் நாள் வர வேண்டும். 2017 ஆடிப் பதினெட்டுக்கு மேட்டூர் திறக்கவில்லை, படித்துறைக்குக் கீழே வெறும் மணல். மணலில் ஊற்று தோண்டி, காதோலை கருகமணியை அதில் வைத்துக் கும்பிட்டோம். மாமியார் எனக்குப் புது மஞ்சள் கயிறு கட்டிவிட்டு, பழசை என் உள்ளங்கையில் வைத்து மூடினார். “ஆத்தா வரட்டும், விடலாம்.” தண்ணீர் வரும்வரை அது சாமி மாடத்திலேயே இருந்தது. அவசரப்பட வேண்டாம் அண்ணா.

பாமணியாறு:
எல்லாருக்கும் நன்றி. நேற்றுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆற்றங்கரைவரை போனேன். தண்ணீர் நிறையப் போகிறது. திரும்பி வரும் வழியில் கடைத்தெருவில் கறுப்புக் கயிறு ஒரு முழம் வாங்கினேன். கோத்து பீரோவில் வைத்திருக்கிறேன்.