குளிகை உள்ளயே நின்னுட்டா என்ன சொல்றது? ‘அடைப்பு’ வேணாமே

எல்லாருக்கும் வணக்கம்.

சிறுகுடலைப் படம் பிடிக்க முழுங்கற கேமரா குளிகை வெளிய வராம உள்ளயே நின்னுட்டா இங்கிலீஷ்ல ‘கேப்சூல் ரிட்டென்ஷன்’ம்பாங்க. அதுக்குத் தமிழ்ச் சொல் தேடற நம்ம பேச்சுல ‘குளிகை அடைப்பு’ன்னு ஒரு அண்ணன் எழுதியிருந்தாரு. அது மட்டும் வேணாம்ணே. நான் பினாங்குல மிஸ்ஸியா (நர்ஸா) இருக்கேன், அந்தச் சொல் என்ன பண்ணும்னு கண்ணால பாத்துட்டேன்.

பட்டர்வொர்த்துலேருந்து ஒரு பாட்டி வந்தாங்க. ரத்தசோகை, மேலயும் கீழயும் ஸ்கோப் (கேமராக் குழாய்) போட்டும் ரத்தம் எங்க கசியுதுன்னு பிடிபடல, அதனால சிறுகுடலைப் பாக்க கேமரா குளிகை குடுத்தாங்க. ரெண்டு வாரம் தாண்டி எக்ஸ்ரே எடுத்தா குளிகை உள்ளயேதான் இருக்கு. நான்தான் மகன்கிட்ட ‘அடைச்சிருக்கு’ன்னு சொன்னேன். ‘ஆபரேஷனா மிஸ்ஸி?’ன்னு ஆடிப்போயிட்டாரு, பாட்டி அன்னிக்கு ராத்திரி ஒரு வாய் கஞ்சிகூட குடிக்கல. ஆனா அவங்களுக்கு வலி இல்ல, வாந்தி இல்ல, வயிறு உப்பல, வெளிக்கும் ஒழுங்காத்தான் போயிட்டிருந்துச்சு. அடைப்புக்கான அறிகுறி ஒண்ணுமே இல்ல. முக்கால்வாசிப் பேருக்கு இப்படித்தான், அடைப்புங்கிறது இதுலேருந்து எப்பவாவது வர்ற அடுத்த கட்டம், அதுவும் இதுவும் ஒண்ணில்ல.

குளிகை 26 மில்லிமீட்டர் நீளம், 11 மில்லிமீட்டர் தடிமன். குடல் எங்கயாவது சுருங்கியிருந்தா அதுக்கு முன்னாடி நின்னுடும். கிரோன் நோய் (குடல் நாள்பட்டு அழற்சியாகிப் புண்ணாகறது), கட்டி, முன்னாடி வச்ச ரேடியேஷன், அப்புறம் இந்தப் பாட்டி மாதிரி முட்டி வலிக்கு வருஷக்கணக்கா வலி மாத்திரை போடறது, அதுல குடலுக்குள்ள சவ்வு மாதிரி வளையம் வளையமா சுருக்கம் விழும். கேமரா குளிகை முழுங்கறவங்கள்ல நூத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு இது நடக்குது, கிரோன் இருக்குன்னு தெரிஞ்சவங்களுக்கு இன்னும் அதிகம். சில சமயம் குளிகை நின்ன இடமே நோய் இருக்கிற இடத்தைக் காட்டிக் குடுத்துடும். வெளிய வர்ற வரைக்கும் எம்ஆர்ஐ மட்டும் எடுக்கக் கூடாது, இதை நோயாளி கட்டாயம் தெரிஞ்சிருக்கணும்.

இன்னொரு குழப்பமும் இருக்கு. பெருங்குடலுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பேட்டரி தீந்துட்டா அது அரைகுறை சோதனை, அவ்வளவுதான், குளிகை பின்னால தானா வெளிய வந்துடும். ரிட்டென்ஷன்னா ரெண்டு வாரமாவது உள்ள இருக்கணும், இல்ல எடுக்கறதுக்குன்னு ஏதாவது செய்ய வேண்டி வந்திருக்கணும். நம்ம சொல்லுல இந்த ‘தங்கிப்போறது’ தெரியணும்.

‘தேக்கம்’னு வைக்கலாம்னு இன்னொரு அக்கா சொன்னாங்க, சிறுநீர்த் தேக்கம்னு ஏற்கெனவே இருக்கறது உண்மைதான், ஆனா தேங்கறது தண்ணி மாதிரி சேந்துக்கிட்டே போறது, இது ஒத்தக் குளிகை. ‘சிக்கல்’னா மலச்சிக்கல்தான் ஞாபகம் வரும். எனக்கு முதல்ல ‘தங்கல்’ பிடிச்சுது, எழுத்துல அழகா இருக்கு. வார்டுல சொல்லிப் பாத்தேன், ‘குளிகை தங்கல்’னா ‘தங்கல, வெளிய வந்துடுச்சு’ன்னு காதுல விழுது, நேர் எதிர் அர்த்தம்! மருந்து தங்கலன்னா வாந்தி எடுத்துட்டாங்கன்னுதானே நம்ம வீட்டுல சொல்றோம்.

அதனால ‘குளிகைத் தங்குகை’ன்னு வைக்கலாமா? வருகை மாதிரி தங்குகை. பேச்சுல ‘குளிகை தங்கிடுச்சு’ன்னு தானா வரும், யாரும் பயப்பட மாட்டாங்க.

இதோட சேத்து, சுருக்கம் இருக்குமோன்னு சந்தேகம் வந்தா முன்கூட்டியே ஒரு டம்மி குளிகை குடுப்பாங்களே, சிக்கிக்கிட்டா உள்ளயே கரைஞ்சு போற மாதிரி செஞ்சது, அதுக்கு ‘வெள்ளோட்டக் குளிகை’ன்னு நான் சொல்லிட்டு வர்றேன். விளக்கமே தேவைப்படல, கேட்டதும் தலையாட்டறாங்க.