மறு: ஆட்டோகம்ப்ளீட்டுக்கு என்ன சொல்? அதுல ஒட்டிக்கிட்டு நிக்கிற பழைய முகவரிக்கு என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம்.

மெயில் மென்பொருளுக்குத் தமிழ்ச் சொல் தேடுற நம்ம மடற்குழு இழை நீளமாப் போயிருச்சு, ஆனா பேச்சு முழுக்க அட்ரஸ் புக்கை முகவரிப் புத்தகம்னு சொல்றதா முகவரி ஏடுன்னு சொல்றதாங்கிறதுலயே சுத்துது. ரெண்டுமே நல்ல சொல்தான், எதை வச்சாலும் புரியும். ஆனா புது கம்ப்யூட்டருக்கோ புது மெயில் சர்வருக்கோ மாறின ஒருத்தர் "அட்ரஸ் புக் போச்சு"ன்னு சொல்றப்ப, மூணு வேற வேற பொருள்ல எது போச்சுன்னு அவருக்கும் தெரியல, சரி பண்ண வர்றவருக்கும் தெரியல. மூணுக்கும் ஒரே பேரை வச்சிருக்கோம், அதான் காரணம். அதனால ஒரு சொல் பத்தாது, மூணு சொல் வேணும்ங்கிறேன்.

முதல் பொருள், நம்ம கையால சேர்த்து வச்ச ஆளுங்க. பேரு, போன் நம்பர், மெயில், சிலருக்குப் பிறந்தநாள் வரைக்கும் போட்டு வச்சிருப்போம். இதுக்கு தொடர்பேடுன்னு வைக்கலாம். பதிவேடு, கையேடு, குறிப்பேடு எல்லாம் நாக்குல இருக்கிறதால இது புதுசா இருந்தாலும் உறுத்தாது. இது தொலைஞ்சா பெரும்பாலும் உண்மையில தொலைஞ்சிருக்காது, பழைய டிஸ்க்ல ஒரு ஃபைலா கிடக்கும். தண்டர்பேர்ட்ங்கிற மெயில் மென்பொருள்ல 78ஆம் பதிப்புக்கு முன்னாடி அது எம்ஏபி ஃபைல், அதுக்கப்புறம் எஸ்க்யூலைட் ஃபைல். புரொஃபைல் ஃபோல்டரை காப்பி பண்றதுக்கு முன்னாடி தண்டர்பேர்டை மூடிரணும், அவ்ளோதான். அவுட்லுக்ல இன்னொரு சங்கதி உண்டு, காண்டாக்ட்ஸ் ஃபோல்டர் பத்திரமா வந்திருக்கும், ஆனா பெறுநர் பேரைப் போடுற டூ பட்டனை அமுக்கினா காலியா நிக்கும். அந்த ஃபோல்டரோட ப்ராப்பர்ட்டீஸ்ல போயி அட்ரஸ் புக்காக் காட்டுங்கிற டிக்கைப் போட்டா எல்லாரும் வந்துருவாங்க.

ரெண்டாவது பொருள், நிறுவனம் வச்சிருக்கிற பொதுப் பட்டியல். நாம சேர்க்கலை, நம்மால அழிக்கவும் முடியாது. இதை நிறுவன ஏடுன்னு சொன்னாலே போதும். எக்சேஞ்ச்ங்கிற மைக்ரோசாஃப்ட் மெயில் சர்வரை வச்சு வேலை பாக்கிறவங்களுக்கு இதோட ஆஃப்லைன் பிரதி ஒண்ணு கம்ப்யூட்டர்லயே இருக்கும், அவுட்லுக் அதைச் சாதாரணமா நாளுக்கு ஒரு தரம்தான் புதுப்பிக்கும், அதனால இன்னைக்கு சேர்ந்தவர் பேரு நாளைக்குத்தான் தெரியும். அவசரம்னா சென்ட் ரிசீவ்ல போயி கையால இறக்கிக்கலாம். இதுல சர்ச்சைக்கு இடமில்ல, மேல போவோம்.

மூணாவதுதான் விவகாரம். டூ கட்டத்துல ரெண்டு எழுத்து அடிச்சதும் கீழ ஓடி வருதே ஒரு பட்டியல், அது தொடர்பேடும் இல்ல, நிறுவன ஏடும் இல்ல. நாம யாருக்கெல்லாம் எழுதினமோ அதை வச்சு மென்பொருளே கட்டிக்கிற ஒரு தனி ஞாபகம். நிறைய பேரு வாழ்நாள்ல ஒரு காண்டாக்ட் கூட கையால சேர்த்திருக்க மாட்டாங்க, இதை நம்பியேதான் மெயில் அனுப்புறாங்க. புது சிஸ்டத்துக்குப் போனா இது காலி. அவுட்லுக் 2007 வரைக்கும் இது என்கே2ன்னு ஒரு தனி ஃபைல்ல இருந்துச்சு, 2010ல இருந்து மெயில்பாக்ஸுக்குள்ளயே ஒளிஞ்சு உக்காந்திருக்கு, ஆயிரம் பேர் வரைக்கும் வச்சுக்கும். தண்டர்பேர்ட் இதே வேலைக்கு கலெக்டட் அட்ரசஸ்னு தனியா ஒரு புக்கு போடுது, ஜிமெயில் அதர் காண்டாக்ட்ஸ்னு போடுது. பேரு வேற, பொருள் ஒண்ணு.

> ஆட்டோகம்ப்ளீட் = தானியங்கு நிறைவு. இதுவே போதுமே?

செயலுக்குப் போதும். சேமிச்சு வச்ச பொருளுக்குப் போதாது. "உங்க தானியங்கு நிறைவு போயிருச்சு"ன்னு சொன்னா கேக்கிறவர் அந்த வசதியே வேலை செய்யலைன்னு நெனப்பார். வசதி நல்லாத்தான் இருக்கு, அதுக்குள்ள இருந்த சரக்குதான் போச்சு. அந்தச் சரக்குக்கு நான் சொல்ல வர்ற சொல் பழகுபட்டியல். பழகிய, பழகுகிற, பழகும்னு மூணு காலமும் அடங்கின வினைத்தொகை, அலைகடல் மாதிரி. நீங்க யார்கூடப் பழகுறீங்களோ அவங்க தானா உள்ள வர்றாங்க, பழகப் பழக மேல ஏறுறாங்க. அந்த இயக்கம் சொல்லுக்குள்ளயே இருக்கு பாருங்க, எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு. முகவரி நினைவகம்னு ஒருத்தர் எழுதியிருந்தீங்க, நினைவகத்தை மெமரிக்குக் கொடுத்தாச்சு, அதை மறுபடி இங்க இழுத்தா ரெண்டும் குழம்பும்.

இப்ப ஒட்டிக்கிட்டு நிக்கிற முகவரிக்கு வருவோம், இழையோட தலைப்பே அதுதான்.

> செத்த முகவரின்னு சொல்லலாம், பட்டுனு புரியும்

இதை நான் ஒத்துக்க மாட்டேங்க, ரெண்டு காரணம். முதல் காரணம் தொழில்நுட்பம். பல தடவை அந்த முகவரி உயிரோடதான் இருக்கும். எக்சேஞ்ச் சர்வர் மாத்தின இடங்கள்ல பாருங்க, அதே ஆளு, அதே மெயில் ஐடி, வெளியில இருந்து அனுப்பினா போகுது, உள்ள பக்கத்து சீட்ல இருக்கிறவர் அனுப்பினா அப்படி ஒரு முகவரியே இல்லங்கிற 5.1.1 பிழையோட திரும்பி வருது. ஏன்னா ஒரே நிறுவனத்துக்குள்ள இருக்கிறவங்களை பழகுபட்டியல் நாம கண்ணால பாக்கிற அந்த மெயில் ஐடியா வச்சுக்கிறதில்ல, சர்வர் உள்ளுக்குள்ள வச்சிருக்கிற எக்ஸ்500 வகை நீளமான ஒரு விலாசமா வச்சுக்கும். சர்வர் மாறினதும் அந்த உள்விலாசம் மாறிருது, பட்டியல் பழசையே பிடிச்சுக்கிட்டு நிக்குது. திரும்பி வந்த மடல்ல ஐஎம்சிஈஏஎக்ஸ்னு ஆரம்பிச்சு ஒரு முழ நீளத்துக்கு எழுத்து வந்தா சந்தேகமே வேணாம், இதேதான். சரி பண்ண, அந்தப் பேரு கீழ வர்றப்ப பக்கத்துல இருக்கிற பெருக்கல் குறியை அமுக்கித் தூக்கிட்டு, நிறுவன ஏட்டுல இருந்து புதுசா எடுத்துப் போடணும். ஆனா அது பாதி வேலைதான், ஏன்னா பழைய மடலைத் திறந்து ரிப்ளை குடுத்தாலும் இதே தப்பு வரும், அந்த மடலுக்குள்ளயும் பழைய உள்விலாசம்தான் பதிஞ்சிருக்கு. ஆளாளுக்குப் பட்டியலைக் காலி பண்ணச் சொல்லி சுற்றறிக்கை விடுறதை விட, நிர்வாகி அந்தப் பழைய விலாசத்தை அந்தந்த ஆளோட புதுக் கணக்குல எக்ஸ்500 துணை முகவரியாச் சேர்த்துட்டா ரெண்டு பக்கமும் ஒரே அடியில தீரும். இதை வெறும் செத்த முகவரின்னு பேரு வச்சுட்டா, கேக்கிறவர் "ஆளு வேலையை விட்டுப் போயிட்டாரு போல"ன்னு நெனச்சு நேரா டெலீட் பண்ணிருவாரு.

ரெண்டாவது காரணம், பழகுபட்டியல்ல உண்மையிலேயே இறந்துபோனவங்க பேரும் வந்து நிக்கும். அம்மாவுக்கு எழுதின ஐடி, கூட வேலை பாத்த நண்பரோட ஐடி. அந்தப் பேரு மேல மென்பொருள் "செத்த முகவரி, நீக்கவா?"ன்னு கேட்டா படிக்கிறவர் மனசு என்ன பாடு படும்? இடைமுகத்துல வர்ற சொல்லை யார் எந்த நிலைமையில படிப்பாங்கன்னு நமக்குத் தெரியாது, அதனால அந்தச் சொல் வேண்டவே வேண்டாம்.

> காலாவதி முகவரி?
> எச்சமுகவரி? இலக்கணத்துலயே எச்சம் இருக்கே

காலாவதின்னா ஒரு தேதி முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம் வருது, இங்க தேதி எதுவும் இல்ல. எச்சம் அர்த்தத்துல கச்சிதமாத்தான் இருக்கு, பெயரெச்சம் வினையெச்சம்னு பள்ளிக்கூடத்துலயே படிச்ச சொல்தான், ஆனா பேச்சுல எச்சம்னாலே பறவை போட்டதுதான் முதல்ல ஞாபகத்துக்கு வருது. அதே வேர்ல இருந்து எஞ்சுமுகவரின்னு போகலாம். எஞ்சி நிக்குது, இருக்க வேண்டிய இடத்துல இல்லாம மிச்சமா நிக்குதுங்கிறது தெரியுது, ஆளைப் பத்தி ஒண்ணும் சொல்லலை, முகவரி தப்புன்னும் சொல்லலை. பழகுபட்டியல்ல எஞ்சுமுகவரி. சேர்த்துச் சொல்லிப் பாருங்க, வாயில உக்காருது.

> இம்போர்ட் பண்ணினா தமிழ்ப் பேரெல்லாம் கன்னாபின்னான்னு வருது, அதுக்கும் ஒரு சொல் சொல்லுங்க

இதுக்கு ஒண்ணு இல்ல, ரெண்டு சொல் வேணும், ஏன்னா கன்னாபின்னால ரெண்டு வகை இருக்கு, ஒண்ணு மீளும், இன்னொண்ணு மீளாது. மலர்னு ஒரு பேரை எடுத்துக்குங்க. ம, ல, ர, அப்புறம் புள்ளி, ஆக ஒருங்குறியில (யூனிகோட்) 4 குறி. அதை பைட்டா எழுதி வைக்கிற யூடிஎஃப்-8 முறையில ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், ஆக 12 பைட். கமா போட்டுப் பிரிச்ச அட்டவணையான சிஎஸ்வி ஃபைல் தன்னோட குறிமுறை (எழுத்தை பைட்டா மாத்துற விதம்) எதுன்னு பெரும்பாலும் எழுதி வச்சுக்கிறதில்ல, அதனால திறக்கிற மென்பொருள் இதை மேற்கத்திய குறிமுறைன்னு ஊகிச்சுட்டா ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி எழுத்தாக் காட்டும். தலைக்கு மேல சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, பக்கத்துலயே வட்டத்துக்குள்ள ஆர், இது ரெண்டும் மாத்தி மாத்தி வந்தா அது தமிழ்தான், பைட் எல்லாம் அப்படியே பத்திரமா இருக்கு, படிக்கிற விதம்தான் தப்பு. இதுக்கு குறிமயக்கம்னு வைக்கலாம். மெய்ம்மயக்கம், உருபுமயக்கம்னு ஒண்ணோட ஒண்ணு கலந்து வர்றதுக்கு நம்ம இலக்கணம் ஏற்கெனவே வச்சிருக்கிற சொல் அது, மயக்கம்னா தெளியும்ங்கிற நம்பிக்கையும் உள்ள இருக்கு. தெளிய வைக்க, இம்போர்ட் பண்ணினதை எல்லாம் நீக்கிட்டு மூல ஃபைலையே மறுபடி எடுத்து யூடிஎஃப்-8னு கேட்டுச் சொல்லி உள்ள விடணும்.

ஆனா பேரு இருந்த இடத்துல வெறும் கேள்விக்குறியா வரிசையா நின்னா கதை வேற. தமிழே தெரியாத ஒரு குறிமுறையில யாரோ சேவ் பண்ணிட்டாங்க, எழுத்து போயே போச்சு, அந்த ஃபைல்ல இருந்து எந்த வித்தையாலயும் வராது. இதுக்கு எழுத்திழப்பு. இந்த ரெண்டுக்கும் தனித்தனி சொல் இருந்தா "உங்களுக்கு வந்திருக்கிறது குறிமயக்கம்தான், பயப்படாதீங்க, பழைய மெஷினை மட்டும் இன்னும் துடைச்சிராதீங்க"ன்னு போன்லயே சொல்லலாம். இதுக்குத்தான் நான் இவ்வளவு மெனக்கெடுறேன், பாதிப் பேரு பயந்துபோயி இருக்கிற நல்ல பிரதியையும் அழிச்சுட்டு நிக்கிறாங்க. எக்செல்ல சும்மா திறந்து பாக்கலாம்னு ரெண்டு கிளிக் பண்ணி, பாத்ததோட விடாம சேவும் பண்ணிட்டா, போன் நம்பர்ல முன்னாடி இருந்த பூஜ்யமும் கூட்டல் குறியும் சேர்ந்தே காணாமப் போகும். டேட்டா மெனுவுல இருந்து டெக்ஸ்டா இறக்கிப் பாக்கணும். முடிஞ்ச வரைக்கும் சிஎஸ்வியை விட்டுட்டு தொடர்புகளுக்குன்னே இருக்கிற விகார்டு ஃபைலாவே எடுத்துட்டுப் போங்க, 2011ல வந்த அதோட 4.0 பதிப்புல யூடிஎஃப்-8 தவிர வேற குறிமுறைக்கு இடமே இல்ல. ரொம்பப் பழைய மெஷின்ல திஸ்கிங்கிற பழைய தமிழ்க் குறிமுறையில அடிச்சு வச்ச பேரு இருந்தா அது தனி, முதல்ல ஒருங்குறிக்கு மாத்திட்டுத்தான் வண்டி ஏத்தணும்.

மிச்சத்தைச் சுருக்கமா சொல்லிடுறேன். இம்போர்ட் எக்ஸ்போர்ட்டுக்கு இறக்குமதி ஏற்றுமதின்னு பல மென்பொருள் மெனுவுல வந்தாச்சு, வணிகச் சொல்லுதான், இருந்தாலும் இப்ப அதைத் தோண்ட வேண்டாம். ஒரே ஃபைலை ரெண்டு தரம் உள்ள விட்டு ஒவ்வொருத்தரும் ரெண்டு ரெண்டா நிக்கிறதுக்கு நகல்னு போடாதீங்க, நகல் காப்பிக்கு வேணும், இரட்டைப்பதிவுன்னு போடுங்க. கூகுள் காண்டாக்ட்ஸ்ல அப்படி ஆகிப்போனா 30 நாளைக்குள்ள முந்தின நிலைக்கே திரும்பலாம், ஒவ்வொண்ணா அழிச்சுக்கிட்டு உக்கார வேண்டியதில்ல. அப்புறம் மைக்ரேஷனுக்கு இடம்பெயர்வுங்கிற சொல்லைத் தயவுசெஞ்சு வைக்காதீங்க. மனுசங்க வீடுவாசலை விட்டுப் போறதுக்கு நம்ம மொழியில நிலைச்சுப்போன சொல் அது. தரவு நகர்த்தல்னா யாருக்குப் புரியாது?

உதவிப் பக்கத்துல வச்சுப் பாக்க ஒரு வாக்கியம் எழுதியிருக்கேன், இதைத் தமிழ் மட்டும் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட படிச்சுக் காட்டி எங்க தடுக்குதுன்னு எழுதுங்க:

"உங்கள் தொடர்பேடு முழுமையாக வந்துவிட்டது. பழகுபட்டியல் புதிதாகத் தொடங்கும். பழைய மடலுக்கு மறுமொழி அனுப்பும்போது மடல் திரும்பி வந்தால் அது எஞ்சுமுகவரியாக இருக்கலாம். நிறுவன ஏட்டிலிருந்து பெயரை மீண்டும் தேர்ந்தெடுக்கவும்."

ஒண்ணு மட்டும் எனக்குப் பிடிபடலை. ஒரே பேருக்குள்ள இருபது முப்பது பேரைப் போட்டு வச்சிருக்கிற டிஸ்ட்ரிபியூஷன் லிஸ்ட், சிஎஸ்வில ஒழுங்கா வர்றதே இல்ல, வந்தாலும் பேரு மட்டும் வந்து உள்ள ஆளு இருக்க மாட்டாங்க. மடற்குழுன்னா நாம பேசுற இந்த மாதிரி இடத்தோட குழம்புது, முகவரிக்கொத்துன்னு ஒண்ணு தோணுது, அதுவும் முழுசா மனசுக்கு ஒட்டலை. யாருக்காவது வேற தோணினா இதே இழையில எழுதுங்க.