கோத்தகிரியில் கேரவன் வண்டிகள் இரவு தங்க இடம் விடலாமா? கழிவுத் தண்ணீரை என்ன செய்வது?

கேட்டவர்: சரிவுத்தோட்டம் (கோத்தகிரி)

கோத்தகிரியிலிருந்து சற்றுத் தள்ளி எனக்கு இரண்டரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. ரோட்டை ஒட்டி 30 சென்ட் மட்டும் சமதளம். அப்பா உருளைக்கிழங்கு போட்ட காலத்தில், மேட்டுப்பாளையம் மண்டிக்கு மூட்டை ஏற்ற வரும் லாரி திரும்புவதற்காக விட்டுவைத்த இடம் அது. உருளைக்கிழங்கு போய்த் தேயிலை வந்த பிறகும் அங்கே செடி வைக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. இப்போது பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலையில் பாதி பறிகூலிக்கே போய்விடுகிறது. படுக்கை, சமையல், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் கேரவன் வண்டிகள் இரவு தங்க அந்த 30 சென்ட்டில் இடம் விடலாமா என்று யோசிக்கிறேன்.

இந்த யோசனை வந்ததற்குக் காரணம் பணம் மட்டும் அல்ல. சென்ற தை மாதம் ஒரு நாள் காலை ஆறரை மணி இருக்கும். புல்லின் மேல் உறைபனி உப்புத் தூவியதுபோல் கிடந்தது. எங்கள் தோட்டத்துக்கு மேலே உள்ள வளைவில் இரவெல்லாம் நின்றிருந்த ஒரு வண்டியின் டிரைவர், குனிந்து அடியில் இருந்த குழாயைத் திறந்துவிட்டார். சோப்பு நுரையும் சோற்றுப் பருக்கையுமாக ஆவி பறக்க அந்தத் தண்ணீர் ஓடைக்குள் இறங்கியது. அந்த ஓடைக்குக் கீழே 150 அடியில்தான் எங்கள் ஊரின் ஊற்று இருக்கிறது. கல் தொட்டி கட்டி, 40 வீடுகள் குடிக்கிற தண்ணீர். எனக்குக் கோபம் தலைக்கேறிக் கத்திவிட்டேன்.

கதவைத் திறந்துகொண்டு ஒரு வயதான அம்மா இறங்கினார். போர்வையைப் போர்த்தியபடி, "தம்பி, தப்புதான். ஆனால் இதை நாங்கள் எங்கே கொண்டுபோய் ஊற்றுவது? மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டு வருகிறோம், ஒருவரும் இடம் சொல்லவில்லை" என்றார். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு அழைத்து டீ கொடுத்து, குடங்களில் தண்ணீர் பிடித்துக் கொடுத்து அனுப்பினேன். அந்தக் கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வீட்டுக்கு இருக்கும் செப்டிக் டேங்கிலேயே வண்டிகளின் கழிவையும் விட்டால் தாங்குமா? எத்தனை வண்டி வரை சரி? மின்சாரம் எப்படிக் கொடுப்பது? யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? இரவுக்கு எவ்வளவு கேட்கலாம்? கூடாரம் போடு, நெருப்பு மூட்டி ஆட விடு என்கிறான் என் மகன். அது எனக்குச் சம்மதமில்லை.

வண்டிவீடு (திருப்பூர்):

ஐயா, நீங்கள் திட்டிய கூட்டத்தில் நானும் ஒருவன். ஓடையில் ஒருநாளும் ஊற்றியதில்லை, ஆனால் ஊற்ற இடமில்லாமல் தவித்தது பலமுறை. எங்களுடையது ஒரு வேனை வாங்கி மாற்றிக் கட்டிய வண்டி, 6 மீட்டர் நீளம். நல்ல தண்ணீர் 90 லிட்டர், பாத்திரம் கழுவிக் குளித்த தண்ணீருக்கு 70 லிட்டர் தொட்டி, கழிப்பறைக்குக் கையால் இழுத்து எடுக்கும் 20 லிட்டர் பெட்டி. நானும் மனைவியும் மட்டும் என்றால் பெட்டி இரண்டு நாளில் நிறைந்துவிடும். அந்த மூன்றாம் நாள்தான் எல்லாருக்கும் சிக்கல்.

எங்களுக்கு முதலில் தேவை மட்டமான தரை. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் படுக்கையில் இரத்தம் தலைக்கு இறங்கும், தொட்டியில் தண்ணீர் பாதி இருந்தும் குழாயில் வராது. சக்கரத்துக்கு அடியில் வைக்க நாலு பலகையும் முட்டுக்கட்டையும் வைத்திருங்கள். புல்தரை வேண்டாம், ஐப்பசி மழையில் சக்கரம் புதைந்துவிடும். ஜல்லி போட்டு இறுக்கினால் போதும். வாசலுக்கு மேல் தாழ்வாகப் போகும் கம்பியையும் சில்வர் ஓக் கிளையையும் பார்த்துவிடுங்கள், என் வண்டி 9 அடி உயரம்.

ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக 16 ஆம்பியர் பிளக், தனி பிரேக்கர், மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் கருவி கட்டாயம் வேண்டும். மழை ஈரத்தில் நின்றுகொண்டுதான் பிளக் செருகுகிறோம். குளிரில் சிலிண்டரில் எரிவாயு சோர்ந்து வருவதால் எல்லாரும் மின் அடுப்புக்கும் ஹீட்டருக்கும் போய்விடுவார்கள். மூன்று வண்டி ஒரே நேரத்தில் ஹீட்டர் போட்டால் உங்கள் வீட்டு இணைப்பு தாங்காது. வணிக இணைப்பாகத் தனி மீட்டர் வாங்கிவிடுங்கள்.

குடிநீர்க் குழாய் ஒன்று சுத்தமாக இருந்தால் அதற்காகவே வருவோம். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீருக்குத் தடை இருப்பதால் கேன் நிரப்ப இடம் தேடியே பாதி நாள் போகிறது.

பிரான்சில் சின்னச் சின்ன ஊர்களின் நகராட்சிகளே இப்படி இடம் விட்டிருக்கின்றன. பெரும்பாலும் ஒரு குடிநீர்க் குழாய், சக்கரம் ஏறி நிற்கும் கம்பிவலை வடிகால், கழிப்பறைப் பெட்டியைக் கவிழ்க்க ஒரு குழி, அவ்வளவுதான். கேரளத்தில் 2021ல் கேரவன் சுற்றுலாத் திட்டம் அறிவித்து, அடுத்த ஆண்டு வாகமண்ணில் பூங்காவும் திறந்துவிட்டார்கள். நம் மலையில் ஓட்டல் வாசலில் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று தூங்குகிறோம். நீங்கள் சொல்கிற இடத்துக்கு ஓர் இரவுக்கு 600 ரூபாய் தயங்காமல் கொடுப்பேன்.

கடைசியாக, வருகிறவர்களிடம் இரண்டு விஷயம் முன்பே சொல்லிவிடுங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஏறலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது. 36 கொண்டை ஊசி வளைவுகள், இந்த எடைக்கு அது பாதையே இல்லை.

பூண்டுக்காடு (பூம்பாறை):

அண்ணா, வீட்டு செப்டிக் டேங்கில் மட்டும் விடாதீர்கள். நான் விட்டுக் கெட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டுப் பக்கம் வண்டி நிறுத்த இடம் விட்டேன். கழிப்பறைப் பெட்டியில் நாற்றம் வராமல் இருக்க நீல நிறத்தில் ஒரு மருந்து ஊற்றுகிறார்கள். அதில் சில வகை, கழிவைத் தின்று செரிக்கிற கிருமியையே கொன்றுவிடும். அது எனக்குத் தெரியாது. ஒரு கோடை விடுமுறை முழுக்கப் பெட்டி பெட்டியாக எங்கள் டேங்கில் கொட்டினார்கள். ஆடி மாதம் மூடியின் ஓரத்தில் நீலமும் கறுப்புமாகப் பொங்கி வந்தது. உள்ளே ஒன்றும் செரிக்கவில்லை, கொட்டியது கொட்டியபடி நின்றிருக்கிறது. அது வழிந்து இறங்கிய வாய்க்கால் என் பூண்டுப் பாத்திக்குப் போகிற வாய்க்கால். கொடைக்கானல் மலைப்பூண்டு என்று 2019ல் புவிசார் குறியீடு கிடைத்து நாலு பேர் தேடி வந்து வாங்குகிற நேரம். அந்த இரண்டு பாத்தியை நான் பிடுங்கிக் குழி தோண்டிப் புதைத்தேன். விற்க மனம் ஒப்பவில்லை.

கழிவு உறிஞ்சும் லாரியும் எங்கள் சந்துக்குள் வர முடியவில்லை. ரோட்டில் நிறுத்தி, குழாயோடு குழாய் இணைத்து ஒரு பகல் முழுக்க எடுத்தார்கள். அதனால் முதலில் லாரி நிற்கும் இடத்தைக் குறியுங்கள். வண்டி நிற்கும் இடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

குழாய்வேலை (குன்னூர்):

முப்பது வருடம் இந்த மலையில் குடிநீர், கழிவுநீர்க் குழாய் போட்ட அனுபவத்தில் சொல்கிறேன். பூம்பாறைக்காரர் சொன்னது முற்றிலும் உண்மை. அதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். சமவெளியில் போடுகிற அளவு செப்டிக் டேங்க் இங்கே பற்றாது. குளிரில் கிருமிகள் மந்தமாகத்தான் வேலை செய்யும், மார்கழி தையில் இன்னும் மந்தம்.

கழிப்பறைக் கழிவையும் சோப்புத் தண்ணீரையும் ஒன்றாகச் சேர்க்கவே கூடாது.

கழிப்பறைப் பெட்டிக்கு, கசிவே இல்லாத மூடிய தொட்டி ஒன்று. உறிஞ்சுகுழியோ வெளிப்போக்கோ கிடையாது. கணக்கு இதுதான்: 3 வண்டி, இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு பெட்டி, அலசும் தண்ணீரோடு 30 லிட்டர் என்று வைத்தால் நாளுக்கு 45 லிட்டர். 5,000 லிட்டர் தொட்டி, தினமும் 3 வண்டி நின்றாலும் நூறு நாளுக்கு மேல் வரும். நிறையும் முன் லாரியை வரவழைத்து எடுத்துவிடலாம். ஆனால் எடுத்ததை லாரிக்காரர் எங்கே கொண்டுபோய் விடுகிறார் என்பதைத் தொட்டி கட்டும் முன்பே உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள். உங்கள் ஊற்றைக் காப்பாற்றிவிட்டு அடுத்த ஊர் ஓடையில் விட்டால் என்ன பயன்? தொட்டிக்குள் எந்தக் காரணத்துக்காகவும் ஆளை இறக்காதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், அதைவிட, உள்ளே இருக்கும் வாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும்.

கொட்டும் இடத்தில் மூன்றடிக்கு மூன்றடி சிமெண்ட் மேடை, நான்கு பக்கமும் விளிம்பு உயர்த்தி, நடுவில் மூடியோடு குழி, அதற்கடியில் தண்ணீர் நிற்கும் வளைவுக் குழாய். அலச ஒரு குழாய் அங்கேயே இருக்கட்டும். குடிநீர்க் குழாய் அதிலிருந்து முப்பதடியாவது தள்ளி, மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியை அலசிய அதே ஹோஸை எடுத்து அடுத்தவர் குடிநீர்த் தொட்டியில் செருகுவார். கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சோப்புத் தண்ணீருக்கு முதலில் எண்ணெய் பிடிக்கும் சிறு தொட்டி, பிறகு அடியில் கசியாமல் சிமெண்ட் பூசிய ஜல்லிப் படுக்கையில் கல்வாழை. அங்கிருந்து வெளிவருவதைப் பூச்செடிக்கு விடலாம், ஓடைப் பக்கம் விடக் கூடாது. உறிஞ்சுகுழி உங்களுக்கு ஆகாது. சரிவில் மேலே இறக்கிய தண்ணீர் மண்ணுக்குள்ளேயே நடந்து கீழே எங்காவது கசிந்து வெளிவரும், உங்கள் விஷயத்தில் அது ஊற்றாகவே இருக்கலாம்.

இன்னொன்று. இடம் போதவில்லை என்று மேட்டை வெட்டாதீர்கள். 2009 நவம்பரில் கேத்தியிலும் குன்னூரிலும் சரிந்த மண்ணை அள்ளியவர்களில் நானும் ஒருவன். அப்பா விட்டுச்சென்ற சமதளத்துக்குள் எத்தனை வண்டி அடங்குமோ அத்தனை போதும். அனுமதிக்கு உள்ளாட்சி அலுவலகத்தில் தொடங்குங்கள். நிலத்தின் வகையைப் பொறுத்து அரசின் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் வரை போக வேண்டியிருக்கும். பட்டாவும் நில வரைபடமும் கையில் இருக்கட்டும்.

கீழ்ஓடை (கோத்தகிரி):

அண்ணா, நான் ஓடைக்குக் கீழே இருப்பவள். நீங்கள் யார் என்று எனக்குத் தெரியும், நான் யார் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்தத் தை மாதக் காலையில் நான்தான் ஊற்றில் குடம் வைத்திருந்தேன். தண்ணீரில் சோப்பு மணம் வந்தது, இரண்டு நாள் யாரும் பிடிக்கவில்லை.

தண்ணீரைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் கரடியைப் பற்றிச் சொல்கிறேன். எண்ணெய் வாசனைக்குக் கோயில் கதவையே உடைக்கிற கரடிகள் நம் ஊரில். போன மழைக்காலத்தில் எங்கள் சமையலறைக் கதவின் கீழ்ப்பலகையைப் பிய்த்துவிட்டு, நல்லெண்ணெய் டப்பாவை மட்டும் முற்றத்துக்கு இழுத்துப்போய் நக்கியிருந்தது. வண்டியில் வருகிறவர்கள் வறுத்த சட்டியை வெளியே வைத்துவிட்டுத் தூங்கினால், அது அவர்களோடு நிற்காது. விடியும்முன் பால் ஊற்றப் போகிற என் மாமியாரும், பஸ்ஸுக்கு நடக்கிற பிள்ளைகளும் அதே பாதையில்தான் போகிறார்கள். இருட்டிய பின் வெளியில் சமையல் கூடாது, குப்பை இரும்புக் கதவு போட்ட அறைக்குள் போக வேண்டும். முதல் லோடு ஜல்லி இறங்கும் முன் ஊர்க்கூட்டத்தில் வைத்துப் பேசுங்கள். பேசினால் நான் எதிர்க்க மாட்டேன்.

சரிவுத்தோட்டம் (கோத்தகிரி):

எல்லாருக்கும் நன்றி. தங்கச்சி, யார் என்று புரிந்துவிட்டது. நேற்று மாலை வீட்டுக்கே வந்து பேசிவிட்டேன், வரும் ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் வைக்கிறேன்.

இன்று காலை டேப் பிடித்து அளந்தேன். மேடை போட நினைத்திருந்த மூலையிலிருந்து ஊற்று 210 அடிதான், அதுவும் நேர் சரிவில். அதனால் மேடையையும் தொட்டியையும் ரோட்டுப் பக்கம், பழைய எடை ஷெட் இருந்த இடத்துக்கு மாற்றுகிறேன். அங்கே கல் தளம் ஏற்கெனவே இருக்கிறது. லாரி ரோட்டில் நின்றபடியே குழாய் போடலாம், தண்ணீர் சாய்வும் ஓடைக்கு எதிர்ப்பக்கம். இதில் ஒரு வண்டிக்கான இடம் போகிறது. போகட்டும், இரண்டு வண்டி போதும். நீல மருந்து கொண்டுவருகிறவர்களுக்கும் அந்த மூடிய தொட்டிதான், வீட்டு டேங்கின் பக்கம் யாரையும் விடப் போவதில்லை.

உள்ளாட்சி அலுவலகத்தில் லாரி விஷயத்தைக் கேட்டிருக்கிறேன், புதன்கிழமை வரச் சொன்னார்கள். குன்னூர் ஐயா, ஒருநாள் வந்து மட்டம் பார்த்துக் கொடுப்பீர்களா? திருப்பூர் நண்பரே, ஐப்பசிக்கு முன் உங்கள் 6 மீட்டர் வண்டியைக் கொண்டுவந்து என் வாசலில் திருப்பிக் காட்டுங்கள். அந்த இரவுக்குப் பணம் வேண்டாம். ஓக் கிளையை நாளைக்கே வெட்டிவிடுகிறேன்.