முதல் ஆன்லைன் கோர்ஸ்: ரெக்கார்டிங்குக்கு முன் எதை முடிவு செய்வது?

கேள்வி | புதுப்பாதை

வணக்கம். வேலை மாற நினைப்பவர்களுக்குத் தனித்தனியாக கோச்சிங் கொடுக்கிறேன். அதையே ஆன்லைன் கோர்ஸாகக் கொண்டுவர வேண்டும். 12 பகுதி, 60 வீடியோ என்று பட்டியல் தயார். கேமரா, மைக், கோர்ஸ் தளம் மூன்றையும் முடிவு செய்துவிட்டு ரெக்கார்டிங் தொடங்கலாம் என்றிருக்கிறேன். இந்த வரிசை சரிதானா?

பதில் | பாடவரைவு

கேமராவைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அந்தப் பட்டியலைப் பாருங்கள். 60 வீடியோ என்றால் அது பெரும்பாலும் உங்களுக்குத் தெரிந்தவற்றின் பட்டியலாக இருக்கும். வேண்டியது, படிப்பவர் செய்ய வேண்டியவற்றின் பட்டியல்.

கோர்ஸ் முடியும் நாளில் அவர் கையில் என்ன இருக்கும்? ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். ‘தன்னம்பிக்கை கூடும்’ என்று எழுதினால் அதை யாராலும் சரிபார்க்க முடியாது. ‘குறிவைத்த ஒரு பதவிக்கேற்ற ரெஸ்யூமே, நேர்காணலில் சொல்ல ஐந்து அனுபவங்கள், பேச வேண்டிய 20 பேரின் பட்டியல்’ என்றால் முடியும். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். ரெஸ்யூமே எழுத எது முடிந்திருக்க வேண்டும், அதற்கு முன் எது என்று கேட்டுக்கொண்டே போனால் பாடங்களின் வரிசை கிடைத்துவிடும். அந்த வரிசையில் இடமில்லாத பாடம் எவ்வளவு அருமையாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

கோச்சுகள் சறுக்கும் இடம் இன்னொன்று உண்டு. நேரில் ஒருவர் தயங்கினால் அடுத்த கேள்வியை மாற்றிவிடுவீர்கள். வீடியோவால் அது முடியாது. பழைய அமர்வுக் குறிப்புகளை எடுத்து, எல்லோரிடமும் கேட்ட கேள்விகளை ஒரு நிறத்திலும், ஆளுக்கு ஆள் மாறியவற்றை வேறு நிறத்திலும் குறியுங்கள். முதல் வகை பாடமாகும். இரண்டாவதில் அடிக்கடி வருபவற்றை, ‘உங்கள் பதில் இதுவானால் 4ஆம் கேள்விக்குப் போங்கள்’ என்று பயிற்சித் தாளில் கிளைகளாக வையுங்கள். மிச்சம் நேரலை வகுப்புக்கு.

பதில் | குழுவகுப்பு

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்: ஒரு வீடியோ கூட எடுக்காமல் முதல் சுற்றை நேரலையில் நடத்துங்கள். 5 முதல் 8 பேர், ஆறு வாரம், வாரம் ஒரு 90 நிமிட வகுப்பு போதும். 20 நிமிடம் சொல்லிக்கொடுங்கள், 40 நிமிடம் அங்கேயே வேலையைச் செய்யவிடுங்கள், மீதி கேள்விகளுக்கு.

இலவசமாக மட்டும் வேண்டாம். பணம் கட்டாதவர் பாதியில் நின்றால், பாடம் புரியவில்லையா அல்லது ஆர்வமே இல்லையா என்று பிரித்துப் பார்க்க முடியாது. குறைந்த கட்டணம் வாங்குங்கள்; அதற்கு ஈடாக வாரந்தோறும் கருத்துச் சொல்ல வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

யார் எந்தத் தாளை முடிக்காமல் வந்தார் என்பதைக் குறித்து வையுங்கள். ஒரே தாளில் மூன்று பேர் நின்றுவிட்டால் குறை அவர்களிடம் இல்லை. ஒன்று, அந்தப் படி ரொம்பப் பெரியது. அல்லது நிரப்பிய மாதிரி ஒன்றை நீங்கள் காட்டவில்லை. வெற்றுத் தாளை மட்டும் கொடுத்தால் எவ்வளவு எழுதினால் போதும் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

நேரலைப் பதிவுகளை அப்படியே கோர்ஸாக விற்காதீர்கள். மற்றவர்களின் முகமும் சொந்த விஷயங்களும் அதில் இருக்கின்றன. க்ளையன்ட் அனுபவங்களை உதாரணமாகச் சொல்வதற்கும் எழுத்தில் அனுமதி வேண்டும். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. துறை, பதவி, ஆண்டு மூன்றையும் சேர்த்துச் சொன்னாலே தெரிந்தவர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பதில் | ஒலிப்பதிவு

சாதனங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நல்ல ஃபோன் இருந்தால் கேமரா வாங்க வேண்டியதில்லை, 1080பி போதும். பணத்தை மைக்கில் போடுங்கள். படம் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், குரல் எதிரொலித்தால் மூடிவிடுவார்கள்.

காலர் மைக்கை முகவாய்க்கு 15–20 செ.மீ. கீழே குத்துங்கள், துணி உரசாமல். வெறும் சுவர் உள்ள அறையில் எந்த மைக்கும் எதிரொலிக்கும். கனமான திரைச்சீலை, மெத்தை, துணி நிறைந்த அலமாரி இருக்கும் அறையைத் தேர்ந்தெடுங்கள். ரெக்கார்டிங் மீட்டரில் ஒலி அளவின் உச்சம் -12 முதல் -6 டெசிபலுக்குள் நிற்கட்டும்; அங்கே 0-தான் உச்ச எல்லை. 0-வைத் தொட்டு உடைந்த குரலை எடிட்டிங்கில் முழுதாக மீட்க முடியாது. மின்விசிறி, ஏசியை நிறுத்திவிட்டு, தொடக்கத்தில் 10 விநாடி பேசாமல் பதிவு செய்யுங்கள். இரைச்சல் நீக்கும்போது அந்த மௌனம்தான் மாதிரியாக உதவும்.

கணினித் திரையைப் பதிவு செய்ய ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற மென்பொருள் இலவசம். அதில் எம்கேவி என்ற ஃபைல் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். எம்பி4 பதிவின் நடுவே கணினி நின்றுபோனால் முழு ஃபைலுமே திறக்காமல் போகலாம். எம்கேவியில் அதுவரை பதிவானது தப்பிக்கும். பிறகு அங்கேயே ரீமக்ஸ் செய்து, அதாவது தரம் குறையாமல் ஃபைல் வடிவத்தை மட்டும் மாற்றி, எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். ஃபோனில் எடுத்த வீடியோவில் போகப்போக உதடும் குரலும் விலகினால், காரணம் பெரும்பாலும் மாறும் ஃப்ரேம் ரேட்தான் (விநாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு நடுவில் கூடிக் குறைவது). ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டு எடிட் செய்யுங்கள்.

புதுப்பாதை

மிக்க நன்றி. ரெக்கார்டிங்கை நிறுத்திவைக்கிறேன். இரண்டு கேள்வி மட்டும்: தளம் எப்போது வாங்குவது? பாடங்களை ஒரேயடியாகத் திறந்துவிடலாமா, வாரம் ஒன்றாகவா?

பதில் | குழுவகுப்பு

முதல் சுற்றுக்கு வீடியோ அழைப்பும் பகிர்ந்த ஃபோல்டரும் ஒரு ஃபார்மும் போதும். பிறகு தளம் தேடும்போது, மாணவர் பட்டியலையும் யார் எதுவரை முடித்தார் என்ற விவரத்தையும் பதிவிறக்க முடிகிறதா, சப்டைட்டில் ஏற்ற முடிகிறதா என்று பாருங்கள். ஒரிஜினல் வீடியோக்களை எப்போதும் உங்களிடம் வைத்திருங்கள். பாடங்களை வாரம் ஒன்றாகத் திறங்கள், எல்லோரும் ஒரே இடத்தில் இருந்தால்தான் கேள்வி நேரம் உருப்படியாக நடக்கும்.

பதில் | பாடவரைவு

குழுவாக நடத்தும்வரை அது சரி. தனியாகப் படிக்கும் கோர்ஸுக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாளை மறுநாள் நேர்காணல் இருப்பவரை ஐந்தாம் வாரம்வரை காக்கவைப்பது நியாயமில்லை. எல்லாவற்றையும் திறந்து வைத்து, ‘நேர்காணல் நெருங்கிவிட்டதா? 11, 12, 14 பாடங்களை மட்டும் பாருங்கள்’ என்று முதல் பக்கத்திலேயே வழி காட்டுங்கள்.

விற்பனைப் பக்கத்தில் இரண்டு விஷயம் விட்டுப்போகக் கூடாது: பணம் திருப்பித் தரும் நிபந்தனை, கேள்விகளுக்கு எங்கே, எத்தனை நாளுக்குள் பதில் சொல்வீர்கள் என்பது. இரண்டாவதை எழுதாவிட்டால் கோர்ஸ் வாங்கிய ஒவ்வொருவரும் தனி கோச்சிங்கையும் எதிர்பார்ப்பார்கள். கேட்பதில் தவறும் இல்லை, நீங்கள் எல்லை சொல்லவில்லையே.