படத்தைத் திசையனாக்குவதா, தடமெடுப்பதா?

முதல் மடல், மதுரையிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம்.

ஒரே ஒரு சொல்லுக்காக மூன்று வாரமாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். மதுரையில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருளைச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதி வருகிறேன். ‘வெக்டரைசேஷன்’ வரும் பக்கத்தில் வேலை நின்றுவிட்டது.

இந்த வேலை பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் ஒருவர் தன் கடைச் சின்னத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். கார்க் கண்ணாடியில் ஒட்ட வேண்டும், சாயங்காலமே வேண்டும். வந்திருப்பது ஒரு ஜேபெக். பெரிதாக்கிப் பார்த்தால் வெறும் கட்டம் கட்டமாக நிறம். வினைல் என்ற ஸ்டிக்கர் தாளை வெட்டும் ப்ளாட்டர் இயந்திரத்துக்கு இந்தக் கட்டங்களால் ஒரு பயனும் இல்லை. அதனிடம் மை கிடையாது, ஒரு பிளேடுதான் உண்டு. எங்கே இறங்குவது, எந்த வழியாகப் போவது, எங்கே தூக்குவது, அதற்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். பல ப்ளாட்டர்கள் இன்றும் புரிந்துகொள்ளும் எச்பிஜிஎல் மொழிக் கோப்பு ஒன்றைத் திறந்து பாருங்கள். ‘பேனாவைத் தூக்கு’, ‘பேனாவை இறக்கு’ என்று மாறி மாறி வரும், நடுவில் வரிசையாக எண்கள். மில்லிமீட்டருக்கு 40 அலகு. பேனா பிடித்து வரைந்த இயந்திரங்களின் மொழி அது. பேனா இருந்த இடத்தில் இப்போது பிளேடு உட்கார்ந்திருக்கிறது, மொழி மாறவில்லை.

ஆக, கட்டங்களால் ஆன படத்தைப் பிளேடு போகக்கூடிய கோடுகளாக மாற்ற வேண்டும். கடையில் இதை ‘ட்ரேஸ் எடுக்கிறது’ என்போம். இணையத்தில் தேடினால் கிடைப்பது ‘திசையனாக்கம்’, வெக்டர் என்பதைத் ‘திசையன்’ ஆக்கியிருக்கிறார்கள். அதை வகுப்பில் சொன்னேன். ஒரு பையன், “இதுல திசை எங்கண்ணே இருக்கு?” என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

யாரிடமாவது வேறு சொல் இருக்கிறதா?

இரண்டாம் மடல், சென்னையிலிருந்து

பையன் கேட்டது நல்ல கேள்வி. ஆனால் பதில் உண்டு. பழைய கணினித் திரைகள் சிலவற்றில் இப்போதுபோலப் படவணு, அதாவது பிக்சல், கிடையாது. எலெக்ட்ரான் கற்றை ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு நேரே ஓடிக் கோடு இழுக்கும். 1979-இல் வந்த ‘ஆஸ்டராய்ட்ஸ்’ விளையாட்டின் திரைகூட அந்த வகைதான். இவ்வளவு நீளம், இந்தத் திசை என்பதுதான் அங்கே கணக்கு. அந்த நாளில் ஒட்டிக்கொண்ட பெயர் இது.

நாம் மட்டும் தனி வழி போனால், பிள்ளைகள் நாளைக்கு வேறு புத்தகத்தைப் புரட்டும்போது தடுமாறுவார்கள். இன்னொன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூலே ‘வெக்டர்’ என்றுதான் எழுதுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் ‘வெக்டர் இயற்கணிதம்’ படித்து வந்தவர்கள்தானே நாம்? என் ஓட்டு ‘திசையனாக்கம்’. வாயில் கசந்தால் ‘வெக்டராக்கம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை.

மூன்றாம் மடல், யாழ்ப்பாணத்திலிருந்து

தம்பி, எங்கள் பாடநூல்களில் வெக்டருக்குக் ‘காவி’ என்று பெயர். ஸ்கேலருக்கு ‘எண்ணி’. காவுதல் என்றால் சுமந்துகொண்டு போதல், காவடியை நினைத்துக்கொள்ளுங்கள். இலத்தீனில் வெக்டர் என்பதற்கும் சுமந்து செல்பவர் என்றுதான் பொருள். அதனால்தான் நுளம்பை, உங்கள் ஊர்க் கொசுவை, ‘நோய்க்காவி’ என்கிறோம்.

முப்பது வருடம் கணிதம் படிப்பித்த எனக்குக் ‘காவியாக்கம்’ உறுத்தாது. ஆனால் உங்கள் பக்கத்தில் காவி என்றால் நிறம்தான் முதலில் நினைவுக்கு வரும். ‘கட்சிக் கொடியைக் காவியாக்கித் தந்தோம்’ என்று உங்கள் கடையில் எழுதிவைத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அந்த வம்பு வேண்டாம்.

நான் கேட்க நினைப்பது வேறு. நீங்கள் பெயர் வைக்கப்போவது கடைசியில் கிடைக்கிற கோப்புக்கா, அல்லது செய்கிற வேலைக்கா? சென்னை நண்பர் சொன்னது கோப்பின் சரித்திரம். உங்கள் பையன் கேட்டது வேலையைப் பற்றி. ‘ட்ரேஸ் எடுக்கிறது’ என்பதில் ‘எடுக்கிறது’ ஏற்கெனவே தமிழ்தானே. மிச்சப் பாதியைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

நான்காம் மடல், மதுரையிலிருந்து

ஐயா, உங்கள் கேள்வியோடு இரண்டு நாள் கடையில் உட்கார்ந்திருந்தேன். பதில் ஒரு பழைய நஷ்டக் கணக்கில் இருந்தது.

போன வருடம் ஒரு மயில் படம் வந்தது. பேனாவால் வரைந்து ஸ்கேன் செய்த கோட்டோவியம். அவசரத்தில் இங்க்ஸ்கேப்பின் ட்ரேஸ் பெட்டியில் எதையும் மாற்றாமல் அப்படியே ஓட்டிவிட்டேன். திரையில் மயில் அழகாகத்தான் இருந்தது. ப்ளாட்டர் ஓட ஆரம்பித்ததும் கடகடவென்று ஒரு நடுக்கம். தோகைப் பக்கம் போனபோது பிளேடு ஒரே இடத்தில் குத்திக் குத்தித் திரும்பி, வினைல் கிழிந்து சுருண்டு முனையில் ஒட்டிக்கொண்டது. அப்புறம்தான் கணுக்களை, அதாவது கோட்டைப் பிடித்து வளைக்கும் புள்ளிகளை, எண்ணிப் பார்த்தேன். நாலாயிரத்துச் சொச்சம். நூற்றைம்பதில் முடிய வேண்டிய மயில் அது. ஸ்கேனில் இருந்த தூசி ஒவ்வொன்றும் ஒரு குட்டித் தீவாகியிருந்தது.

கணு கூடினால் ஏன் கிழிகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். பிளேடின் முனை அதன் நட்டநடு அச்சில் இருக்காது, கால் மில்லிமீட்டர் போலத் தள்ளி இருக்கும். தள்ளுவண்டியின் முன்சக்கரம் இழுக்கிற பக்கம் தானாகத் திரும்பிக்கொள்ளும் அல்லவா, அதுபோலத்தான் பிளேடும். நீண்ட வளைவில் சுகமாகப் போகும். அரை மில்லிமீட்டருக்கு ஒருமுறை திரும்பச் சொன்னால் திணறும்.

தூசியையும் கணுவையும் விட என்னைப் பிடித்து உலுக்கியது வேறொன்று. மயிலின் ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு வெட்டு விழுந்திருந்தது. நம் கண்ணுக்கு அது ஒரு கோடு. நிரலுக்கு அது மெலிந்து நீண்ட ஒரு கறுப்பு வயல், அதற்கு இரண்டு பக்கமும் வரப்பு. இங்க்ஸ்கேப்புக்குள் இருந்து இந்த வேலையைச் செய்வது போட்ரேஸ், பீட்டர் செலிங்கர் என்ற கணிதப் பேராசிரியர் 2001-இல் வெளியிட்டது. கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் எல்லையை அது ஒரு சுற்றுச் சுற்றி வரும். அந்த எல்லையைப் பலகோணமாக்கும். பிறகு மூலைகளை மழுக்கி வளைவாக்கும். அது கோட்டை எடுப்பதே இல்லை, வரப்பைத்தான் எடுக்கிறது. பேனா ஓடிய நடுவழியே வேண்டுமென்றால் இங்க்ஸ்கேப் 1.0 முதல் அதற்குத் தனித் தெரிவு இருக்கிறது. ஆனால் வினைலுக்கு அது அநேகமாக உதவாது. ஒற்றை வெட்டு விழுந்த வினைலில் எதை உரிப்பது, எதை ஒட்டுவது? ப்ளாட்டரில் பேனா மாட்டி வரைய வேண்டுமானால் சரி.

இதையெல்லாம் வகுப்பில் சொல்லும்போது ‘திசையன்’ எனக்கு ஓர் இடத்திலும் கைகொடுக்கவில்லை. வாயில் தானாக வந்துகொண்டிருந்த சொல் ‘தடம்’. பிளேடு போகிற தடம். மண்ரோட்டில் மாட்டுவண்டி பதித்துவிட்டுப் போன தடத்தில் அடுத்த வண்டியின் சக்கரம் தானாக இறங்கி ஓடும், பார்த்திருப்பீர்கள். ஒரு வண்டிக்கு இரண்டு தடம் என்பதும் நம் மயிலுக்குப் பொருந்தித்தான் போகிறது!

ஆகவே இப்படி வைத்துக்கொள்ளலாமா? மென்பொருளில் இந்தக் கோட்டுக்குச் சொல்லும் ‘பாத்’ (path) என்பதற்குத் தடம். ட்ரேஸ் எடுப்பதற்குத் தடமெடுப்பு. இதை வைத்துவிட்டால் மற்றவை தாமாக வந்து நிற்கின்றன. விளிம்புத்தடம், நடுத்தடம் என்றால் மேலே சொன்ன இரண்டும் விளக்கமில்லாமல் புரியும். முனைகள் சேர்ந்தால் மூடிய தடம், சேராவிட்டால் திறந்த தடம். நடுவில் ஓட்டையுள்ள உருவம் கூட்டுத்தடம். கோரல்டிரா என்ற இன்னொரு வரையும் மென்பொருளில் கண்ட்ரோல் கியூ அடிப்பது எழுத்தைத் தடமாக்குவது.

எழுத்து என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், தமிழ் வெட்டுகிறவர்களுக்கு மட்டுமே உள்ள தலைவலி இது. சில எழுத்துருக்களில் ‘மி’யின் மேல்விலங்கு (இகரக் குறி) தனித் துண்டாக வந்து ‘ம’வின் மேல் ஏறி நிற்கும். இரண்டும் கறுப்பு என்பதால் திரையில் ஒன்றாகத் தெரியும். பிளேடுக்குக் கறுப்பு தெரியாது, தடம்தான் தெரியும். எழுத்தின் உடம்புக்குள்ளேயே வெட்டிவிட்டுப் போகும். முதலில் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். கோரல்காரர்கள் இதை ‘வெல்ட்’ என்பார்கள். நான் ‘தடச்சேர்ப்பு’ என்று எழுதியிருக்கிறேன். பற்றவைப்பு என்று மொழிபெயர்த்தால் பட்டறை நினைவுதான் வரும்.

அடுத்தது புள்ளி. ஒரு சென்டிமீட்டர் உயர எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி ஒரு மில்லிமீட்டர் வந்தால் அதிகம். வேண்டாத வினைலை உரிக்கும்போது அதோடு போய்விடும், கண்ணன் ‘கணணன’ ஆகிவிடுவார். ஓலையில் எழுதியவர்கள் புள்ளியே வைக்காமல் விட்டார்கள். அவர்களைப் பார்த்துச் சில நாள் பொறாமையாக இருக்கும். நான் புள்ளிகளை மட்டும் தனியே பிடித்துக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டுத்தான் ப்ளாட்டருக்கு அனுப்புவேன்.

‘கோட்டுருவாக்கம்’ என்று ஒரு நண்பர் தனிமடலில் சொன்னார். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கோட்டுரு என்பதைக் கணிதத்தில் வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள், புள்ளிகளும் அவற்றை இணைக்கும் விளிம்புகளும் வரும் கோட்டுருவியல். அங்கே போய் இடிக்க வேண்டாம்.

சென்னை நண்பருக்கு: திசையனைத் தூக்கி எறியவில்லை. கோப்பு வகைக்குத் ‘திசையன் படம்’ இருக்கட்டும். வேலையின் பெயரில்தான் எனக்கு வழக்கு.

ஐந்தாம் மடல், சென்னையிலிருந்து

கிட்டத்தட்ட ஒத்துக்கொள்கிறேன். இரண்டு சந்தேகம்.

ஒன்று, பாதிப் பேர் படத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு பேனாக் கருவியால் கையாலேயே மேலே வரைகிறார்கள். அதுவும் வெக்டரைசேஷன்தான். அதைத் ‘தடமெடுப்பு’ என்றால் பொருந்துமா? போலீஸ் நாய் வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது.

இரண்டு, வெட்டிய பிறகு வேண்டாததை எடுக்கிறீர்களே, அதை அமெரிக்கக் கடைக்காரர்கள் களையெடுப்பது என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். ‘களையெடுப்பு’ என்று வைத்தால் நம் ஊர் வாசனையே வந்துவிடுமே?

ஆறாம் மடல், மதுரையிலிருந்து

கையால் எடுப்பதும் தடமெடுப்புதான். இன்னும் சொன்னால் அதுதான் அசல். ஆரி வேலைக்காரர்கள் ட்ரேஸிங் பேப்பரில் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் ஓட்டை குத்தி, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்த்துத் துணியில் இறக்குவார்கள். அவர்கள் கோட்டைப் புள்ளியாக்குகிறார்கள், நாம் புள்ளியைக் கோடாக்குகிறோம். வேண்டுமானால் கைத்தடமெடுப்பு, தானியங்கித் தடமெடுப்பு என்று பிரித்துக்கொள்ளலாம்.

உண்மையில் சின்னங்களில் பாதியை நான் கையால்தான் எடுக்கிறேன். வட்டத்தைத் தானியங்கி எடுத்தால் உருளைக்கிழங்கு வரும். அதை அழித்துவிட்டு மேலே நிஜ வட்டம் ஒன்றை வைத்தால் நான்கே கணுவில் முடிந்தது. இந்த வளைவுகளின் கணக்கே கார் உடம்பு வரையப் பிறந்ததுதான். சிட்ரோயன் கம்பெனியில் பால் த காஸ்டெல்ஜோ 1959-இல் போட்டார், ரெனோ கம்பெனியில் பியேர் பெசியே போட்டதற்குத்தான் பெயர் நிலைத்தது. கடைசியில் நாமும் அதைக் கொண்டுபோய்க் காரிலேயே ஒட்டுகிறோம்.

களையெடுப்பு வேண்டாம். களையெடுத்தால் பயிர் மண்ணில் நிற்கும், களை கைக்கு வரும். இங்கேயும் அப்படித்தான் என்றாலும், என் கடையில் அந்தச் சொல்லை ஒருவரும் சொன்னதில்லை. எல்லோரும் ‘உரிக்கிறது’ என்கிறார்கள். வாழைப்பழத்துக்கும் வெங்காயத்துக்கும் சொல்கிற அதே சொல். உரிப்பு என்றே எழுதிவிட்டேன்.

போலீஸ் நாய்க்கு என்னிடம் பதில் இல்லை.

நேற்று வகுப்பு இருந்தது. கையேட்டை இன்னும் கொடுக்கவில்லை, பலகையில் மட்டும் ‘தடம்’ என்று எழுதி ஒரு கோடு இழுத்துக் காட்டினேன். அப்புறம் ஆளுக்கொரு படம் கொடுத்து எடுக்கச் சொன்னேன். முதலில் கேள்வி கேட்டானே, அதே பையன், அவனுக்கு வந்தது ஒரு கொடிக்கோலம். கொஞ்ச நேரம் திரையைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவன் கூப்பிட்டான்: “அண்ணே, இங்க வாங்க, தடம் ரெண்டா விழுந்திருக்கு.”

பதினான்காம் பக்கத்தைத் திருத்திவிட்டேன். அடுத்தது, பிளேடு வினைலை மட்டும் வெட்டி அடித்தாளை விட்டுவைக்கும் வெட்டுக்கு ஒரு பெயர் வேண்டும். ஆங்கிலத்தில் ‘கிஸ் கட்’ என்கிறார்களே என்று ‘முத்தவெட்டு’ என யாரும் தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள்.