குளத்து வேலைக்கு நன்கொடை கேட்கிறோம், எங்கிருந்து தொடங்குவது?

கடைமடைக்காரன்:
திருநெல்வேலிப் பக்கம் தாமிரபரணியிலிருந்து பிரியும் பாளையங்கால் வாய்க்காலின் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் குளங்களில் எங்கள் ஊர்க் குளமும் ஒன்று. வருகிற வழியெல்லாம் சாக்கடை சேர்ந்துதான் தண்ணீர் வருகிறது. குளம் முழுக்க அமலைச் செடி (ஆகாயத்தாமரை), கரை நெடுக உடை மரம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கரை ஓரிடத்தில் உடைந்தது. அன்று அடுக்கிய மண் மூட்டைதான் இன்றும் இருக்கிறது. பத்துப் பேர் சேர்ந்து போன வருடம் அறக்கட்டளை பதிவு செய்தோம். ஒரு கம்பெனியில் சிஎஸ்ஆர், அதாவது லாபத்தில் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணத்தைப் பார்க்கும் அதிகாரியிடம் போனால், "மூன்று வருடம் செய்த வேலையைக் காட்டுங்கள்" என்கிறார். வேலை செய்யத்தானே பணம் கேட்கிறோம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆடிட்டர் அலுவலகம்:
மூன்று வருடம் என்பது சட்ட விதி, அவர் சொந்தமாகச் சொன்னதில்லை. அறக்கட்டளைக்கும் நன்கொடை தருபவருக்கும் வருமான வரிச் சலுகை தரும் பதிவுகளை (12ஏ, 80ஜி என்பார்கள்) முதலில் வாங்குங்கள். அப்புறம் சிஎஸ்ஆர் பணம் வாங்கப் பதிவு செய்யும் சிஎஸ்ஆர்-1 படிவம், 2021 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம். வெளிநாட்டுப் பணத்தை இப்போதைக்கு நினைக்க வேண்டாம். அதற்கான பதிவுக்கு மூன்று வருடத்தில் 15 லட்சமாவது செலவழித்திருக்க வேண்டும்.

முக்கூடல் அக்கா:
தம்பி, நான் ஒரு சின்ன அறக்கட்டளைக்கு ஏழு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். எங்களுக்கு முதல் பணம் வந்த கதையைக் கேளுங்கள்.

பணம் கைக்கு வந்தது டிசம்பரில். மார்ச் 31க்குள் செலவழித்துக் கணக்குக் கொடுக்கச் சொன்னார்கள். நம் பக்கம் அப்போது பிசான நெல் வயலில் நிற்கும். அறுப்பு முடிய மாசி, பங்குனி ஆகிவிடும், அதுவரை குளத்தில் தண்ணீர் வேண்டும். கடைசிப் பத்து நாளில் அவசரமாக ஜேசிபியை இறக்கி, மடைக்கு முன்னாலேயே ஆழமாகத் தோண்டிவிட்டோம். அடுத்த வருடம் தண்ணீர் மடைக்குக் கீழே கிடந்தது, வயலுக்கு ஏறவில்லை. மடை திறக்கிற பெரியவரிடம் கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் தடுத்திருப்பார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

அதனால் பணம் கேட்கும்போதே, ஒரு வருடத்தில் முடியாத தொடர் திட்டமாக எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதினால் மிஞ்சிய பணத்தைக் கம்பெனி தனி வங்கிக் கணக்கில் போட்டு, அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் செலவழிக்கலாம். சித்திரை, வைகாசியில் நிதானமாக வேலை பார்க்கலாம்.

இன்னொன்று, குளம் நம்முடையது இல்லை. ஆயக்கட்டு, அதாவது குளத்துத் தண்ணீர் பாயும் வயல் பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். அந்த அனுமதிக் கடிதம் இல்லாமல் உடை மரத்தில் கை வைக்காதீர்கள்.

சிஎஸ்ஆர் அதிகாரி கேட்ட அந்த மூன்று வருடத்தைச் சும்மா கழிக்க வேண்டாம். வரத்துக்காலை, அதாவது குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலை, நீங்களே வெட்டிச் சுத்தம் செய்யுங்கள். ஆள் கூலி, டீச்செலவு எல்லாவற்றுக்கும் ரசீது வைத்து வருடாவருடம் தணிக்கை செய்யுங்கள். அரசின் 'நமக்கு நாமே' திட்டத்தையும் விசாரியுங்கள், ஊர் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். குளம் தோண்டப் பணம் தர ஆள் உண்டு, கால் வெட்டத் தருகிறவர் அபூர்வம். ஆனால் கால் அடைத்துக் கிடந்தால் தோண்டிய குளத்துக்குத் தண்ணீர் ஏது?

மேலப்பாளையத்தான்:
சாக்கடையை நிறுத்தாமல் அமலையை மட்டும் எடுக்கப் பணம் வாங்காதீர்கள். அது சாக்கடைச் சத்தில் கொழுக்கிற செடி, சில வாரத்தில் மறுபடியும் மூடிவிடும். சாக்கடை எந்தெந்த இடத்தில் விழுகிறது என்று காலோரமாக நடந்து படம் எடுத்து, மாநகராட்சிக்கு மனுவாகக் கொடுங்கள்.

கடைமடைக்காரன்:
நன்றி அக்கா. எங்கள் ஆயக்கட்டு மொத்தம் 62 ஏக்கர், சுமார் 25 ஹெக்டேர், அப்படியானால் எங்களுக்கு ஒன்றிய அலுவலகம்தான். திங்கட்கிழமை மனுவோடு போகிறோம். மடை பார்க்கிற தாத்தாவையும் கூட்டிப் போகிறேன், மடைக்கல் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று எங்கள் பத்துப் பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை.